சாட்பாட்டுக்கு நான் சொல்லிக்கொடுத்த ‘வேற இன்னா?’

முப்பது வருஷம் தங்க வயல் கோர்ட்டில் வக்கீலாக இருந்தேன். கேஸைப் பேசித் தீர்ப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. அதைக் கேள்விப்பட்டு பெங்களூர் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. சமரசம் பேசும் சாட்பாட்டுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். தினமும் காலை ரயிலில் போய்வந்தேன்.

1. முதல் நாள்

டீம் லீடர் திவ்யா, “சார், நீங்க கேஸ்ல எதிர்க்கட்சிக்காரரா நடிங்க” என்றாள். இரண்டு வரி திட்டி டைப் அடித்தேன். மெஷின் உடனே மூன்று சமரச ஆஃபரை நீட்டியது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“இன்னாம்மா இது? மனுஷன் இன்னும் திட்டியே முடிக்கல, அதுக்குள்ள கையெழுத்து கேக்குது?”

“சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானே சார்?”

“திட்டி முடிக்காதவன் எங்க ஊர்ல கையெழுத்து போட மாட்டாம்மா.”

அன்றிலிருந்து ஒரே பாடம். ஆஃபர் கொடுக்கும் முன் ‘வேற இன்னா?’ என்று மூன்று தடவை கேள்.

2. நிஜக் கேஸ்

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு அக்கா, தம்பி. மூன்று வருஷமாகக் கேஸ். தம்பி வீட்டு முற்றம் வழியாகத்தான் அக்கா தெருவுக்கு வர முடியும். அங்கே சுவர் எழுப்பத் தம்பி செங்கல் இறக்கிவிட்டார். சுவர் வந்தால் முட்டிவலிக்கார அக்கா சாக்கடைச் சந்து வழியாகச் சுற்றி நடக்கணும். நான் கூட இருப்பதானால் சாட்பாட்டோடு பேசுகிறோம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். திவ்யாவும் ரயிலேறி வந்தாள்.

என் ஆபீஸில் அக்கா மைக் முன்னால் பாதையைப் பற்றிக் கொட்டினார். ‘வேற இன்னா?’ செங்கல். ‘வேற இன்னா?’ தம்பி வீட்டு நாய். மூன்றாவது தடவை கேட்டதும் அழுதுவிட்டார்.

“அவன் பொண்ணு கல்யாணத்துக்கு பத்திரிகைய வாட்ஸ்ஆப்ல அனுப்புனாம்பா. கூடப் பொறந்தவ நானு. தட்டோட வந்து கூப்பிட வேணாமா? நான் போகல. அந்தக் கோவத்துலதான் சுவர் கட்டறான்.”

இதைத் தம்பியிடம் சொல்லலாமா என்று மெஷின் கேட்டது, அக்கா தலையாட்டினார். அடுத்து அது என்ன சொன்னது தெரியுமா? “தம்பி சம்மதித்தால் மன்னிப்பை வாட்ஸ்ஆப்பில் அனுப்பட்டுமா?”

தலையில் அடித்துக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான். கேட்கச் சொல்லிக்கொடுத்தேன், நேரில் போகணும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. உடனே அதை டைப் அடித்தேன். ஒப்பந்தம் மாறி வந்தது. முதல் ஷரத்து: வரப்போகும் தம்பி பேரனின் காதுகுத்துக்குத் தம்பியும் மனைவியும் நேரில் போய், தட்டு வைத்து அக்காவை அழைக்க வேண்டும். பாதை இரண்டாவது ஷரத்து.

வெளியே காத்திருந்த தம்பி உள்ளே வந்து, முதல் ஷரத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார். “மொதல்ல வெத்தல பாக்கு வாங்கியாறேன்” என்று செருப்பை மாட்டினார். மறுநாள்தான் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். செங்கல் திரும்பிப் போனது.

இளம் வக்கீல்களே, கட்சிக்காரர் திட்டும்போது ஃபைலைப் புரட்டாதீர்கள். மூன்றாவது பதிலுக்குக் காத்திருங்கள்.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்த திவ்யா கேட்டாள். “செட்டில் ஆக எவ்வளவு நேரம்னு போடட்டும் சார்?”

“மெஷினுக்கு நாப்பது நிமிஷம். தம்பி அந்த முற்றத்தத் தாண்ட மூணு வருஷம். ரெண்டையும் போடும்மா.”