பதிவேட்டில் இல்லாத கல்யாணம்

சாலெனி ஊரில் பத்தொன்பது வருஷமாகக் கல்யாணம் செய்து வைத்தவள் லிண்டெல்வா. குலப்பெயர் சொல்லி மம்தோலோ என்றுதான் ஊர் அவளைக் கூப்பிடும். பதிவு அலுவலகத்தில் மூன்றாம் மேசை. பின்னால் ஒரு சின்ன அறை. அதில் எட்டு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. பூச்சாடி அரசாங்கம் கொடுத்ததல்ல, அவள் வாங்கி வைத்தது.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள். பெண் அழுதுகொண்டு வந்தால் தனியே அழைத்துப் போய், "உனக்குச் சம்மதமா, இல்லை உங்க மாமன் பரிசமா வர்ற மாட்டுக்கு ஆசைப்பட்டுட்டானா?" என்று நேராகவே கேட்பாள். இப்படி மூன்று பெண்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அதற்காக அவளை வாழ்த்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் சொல்லப்போகும் மற்றது கோள் மூட்டியதாகிவிடும்.

அவள் புருஷன் தங்கச் சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து செத்தவன். அப்போது அவளுக்கு முப்பத்தொன்று. புருஷனின் அண்ணன்கள் வீட்டைக் கேட்டு வந்தார்கள். டிரங்குப் பெட்டியிலிருந்து கல்யாணச் சான்றிதழை எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள். வந்த வழியே போனார்கள். ஒரு தாளுக்கு என்ன பலம் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும்.

இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது, மனசாட்சி இடம் தராத அதிகாரிகள் அமைச்சருக்கு எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்று அதிலேயே ஒரு வாசலும் வைத்திருந்தார்கள். லிண்டெல்வா முதல் வாரமே எழுதினாள். அந்தக் கடிதத்தின் நகலைப் போதகர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் வாசித்தார். சபை எழுந்து நின்று பாடியது. வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்துப் பெண்கள், சிவப்பு மேல்சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக, அவளைச் சுற்றிக் கைதட்டி ஆடினார்கள். "எங்க எஸ்தர் ராணி!" என்றாள் ஒருத்தி, வேதத்தில் தன் ஜனத்துக்காகத் துணிந்து நின்ற ராணியைச் சொல்லி. லிண்டெல்வா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீர் நிஜம்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

விலகிக்கொண்ட அதிகாரிக்கு ஒரே ஒரு கடமை மிச்சம் இருந்தது. அப்படி யாராவது வந்தால் மாவட்டத் தலைநகருக்கு ஒரு வரி எழுத வேண்டும். அங்கிருந்து பூயி என்ற அதிகாரி மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வந்து செய்து வைப்பார். பல வருஷம் அந்த வரியை எழுத வேண்டியே வரவில்லை. சின்ன ஊர், அப்படிப்பட்டவர்கள் பஸ் ஏறிப் பெரிய பட்டணத்துக்குப் போய்விடுவார்கள்.

பிறகு ஒரு மார்ச்சில் புமேசாவும் நோகாயாவும் வந்தார்கள்.

புமேசா தையல்காரி. ஜெபக்கூட்டத்துப் பெண்களின் சிவப்புச் சட்டைகளில் பாதி அவள் தைத்தவை. நோகாயா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். உருண்டை முகம், ஊருக்கே கேட்கும் சிரிப்பு. இரண்டு பேரும் ஒரே வீட்டில் பதினோரு வருஷமாக இருக்கிறார்கள். ஊருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கவும் ஊருக்குத் தெரியும். "நோகாயா வீட்டுல குடியிருக்கிற தையல்காரி" என்று சொல்லிக்கொள்வார்கள்.

லிண்டெல்வா மரியாதையாகவே பேசினாள். "தங்கச்சி, நான் இதுலேர்ந்து விலகினவ. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் அக்கா," என்றாள் புமேசா. "அதுக்கு வேற ஒருத்தர் வருவாராமே."

"பூயி ஐயா. பாரத்தை நிரப்பிக் குடுத்துட்டுப் போங்க. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வாங்க."

பாரத்தை வாங்கினாள். அடையாள அட்டை நகல்களைச் சேர்த்து ஒரு பழுப்பு உறையில் போட்டாள். மாவட்டத்துக்கு எழுத வேண்டிய அந்த ஒரு வரியை எழுதவில்லை.

அன்று ராத்திரி முழங்காலில் நின்று யோசித்தாளாம். நான் செய்து வைக்கவில்லை, சரி. செய்து வைக்கிறவனை நானே கூப்பிட்டு விட்டால் அது வேறு என்ன? தள்ளிப்போட்டால் அந்தப் பிள்ளைகள் மனம் திரும்ப நேரம் கிடைக்கும். இப்படி அவளுக்குள் ஒரு தெளிவு வந்தது. மனசாட்சி சில பேருக்கு வீட்டு நாய் மாதிரி, எஜமானுக்கு எது பிடிக்குமோ அதையே செய்யும்.

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வந்தார்கள். பூயி வரவில்லை. "வண்டி பழுதாம்," என்றாள். அடுத்த மாசம் வந்தார்கள். "லீவாம்," என்றாள். மூன்றாம் முறை ஒரே நீலத் துணியில் புமேசா தைத்த இரண்டு கவுன்களைப் போட்டுக்கொண்டு, இரண்டு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சாட்சிகள் வேலைக்கு லீவு போட்டு வந்தவர்கள்.

நோகாயா கைகளை மேசைமேல் ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "அக்கா, உங்க பூயி ஐயா இயேசுவோட இரண்டாம் வருகை மாதிரி. வருவாரு, வருவாருங்கிறீங்க. நாங்களும் எண்ணெய் ஊத்தி விளக்கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். லிண்டெல்வாவுக்கு முகம் சுருங்கிப்போனது. தேவனைக் கேலி செய்தவளுக்குத் தேவனுடைய ஆசீர்வாதம் எதற்கு என்று அன்றோடு அவள் மனம் முடிவு கட்டிவிட்டது. புமேசாதான் நோகாயாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "விடு. அக்கா என்ன பண்ணுவாங்க? வர்ற மாசம் பார்ப்போம்."

வர்ற மாசம் வரவில்லை. ஜூன் ஏழாம் தேதி காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது நோகாயாவுக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. வேனை ஓரம் கட்டி, கை பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தாள். பதினான்கு பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூடக் கீறல் இல்லை.

ஜொகானஸ்பர்க்கிலிருந்து நோகாயாவின் அண்ணன் சிந்திலே வந்தான். எட்டு வருஷமாகத் தங்கச்சி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். சாவைப் பதிய வந்தவன் லிண்டெல்வாவின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தான். கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினாள். திருமண நிலை என்ற கட்டம் வந்தது.

"கல்யாணம் ஆகல," என்றான் சிந்திலே.

லிண்டெல்வா எழுதினாள்: திருமணமாகாதவர். அது உண்மைதான். உண்மையாக்கி வைத்தவளே அவள்தானே.

எழவு வீட்டுக்கு ஜெபக்கூட்டத்துப் பெண்கள் தினமும் சாயங்காலம் போவது வழக்கம். லிண்டெல்வாவும் போனாள். படுக்கையறைச் சாமான்களை வெளியே எடுத்துவிட்டுத் தரையில் மெத்தையைப் போட்டிருந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி துணையை இழந்தவள் உட்கார வேண்டிய மெத்தை. புருஷன் செத்தபோது லிண்டெல்வா அப்படித்தான் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் அவள் முன்னால் மண்டியிட்டுக் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பிடியில்தான் உயிர் தங்கியது என்று அவளே பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறாள்.

இப்போது மெத்தையில் சிந்திலேயின் பெண்டாட்டியும் ஒரு கிழ அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். புமேசா போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். மெதுவாக வந்து மெத்தையின் ஓரத்தில் உட்காரக் குனிந்தாள்.

"ஏய், எங்க உட்கார்ற?" என்றாள் அத்தை. "உனக்காக எங்க வீட்டுலேர்ந்து எத்தனை மாடு போச்சு? எங்க குடும்பத்துல யாருக்கு வாழ்க்கைப்பட்டவ நீ?"

"அத்தே, பதினோரு வருஷமா இதே ரூம்லதான்..."

"வாடகைக்கு இருந்தவ வாடகைக்கு இருந்தவளாட்டம் இரு. கொல்லையில பாத்திரம் கிடக்கு, போய்க் கழுவு. ஆள் போதல."

அறையில் இருபது பெண்கள். அவர்களில் பத்துப் பேர் உடம்பில் புமேசா தைத்த சட்டை. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. புமேசா லிண்டெல்வாவைப் பார்த்தாள். லிண்டெல்வா பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினாள். புமேசா கொல்லைக்குப் போய்க் கைகளை முழங்கை வரை நனைத்துக்கொண்டு, கறி வேகவைத்த அண்டாவைத் தேய்த்தாள். நோகாயாவின் அடக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்ட தட்டுகளையெல்லாம் அவள்தான் கழுவினாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் சிந்திலே வீட்டைக் கேட்டான். பத்திரம் நோகாயா பேரில் இருந்தது. சொத்துப் பங்கீட்டு அதிகாரி நல்ல மனுஷன். புமேசாவிடம் சொன்னான்: "கல்யாணச் சான்றிதழ் இல்லேன்னாலும் வழி இருக்கும்மா. புருஷன் பெண்டாட்டி மாதிரி வாழ்ந்தீங்கன்னு நிரூபிக்கணும். கல்யாணம் பண்ணிக்க விண்ணப்பம் குடுத்தீங்கன்னு பதிவு ஆபீஸ் எழுதிக் குடுத்தா போதும், அவங்க அண்ணன் வாயைத் திறக்க முடியாது."

புமேசா ஓடிவந்தாள். ஓடிவந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கியது, முகத்தில் அடக்கத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு வெளிச்சம்.

"அக்கா, நீங்க எங்களைக் கட்டி வைக்க வேண்டாம். ஆசீர்வாதமும் வேண்டாம். நாங்க வந்தோம்னு மட்டும் எழுதிக் குடுங்க. மூணு தடவை வந்தோமில்ல? அந்த பாரம் உங்ககிட்டதானே இருக்கு?"

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று லிண்டெல்வாவுக்குப் புரிந்துவிட்டது. விண்ணப்பம் வந்தது என்றால், பூயிக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். வண்டி பழுதும் லீவும் பொய் என்று தெரியும். விசாரணை வரும். வேலை போகும். ஓய்வுக்கு இன்னும் நாலே வருஷம்.

"சொத்துப் பங்கீட்டு ஆபீஸ்லேர்ந்து கடிதம் வரட்டும் தங்கச்சி. பதில் போடறேன்."

கடிதம் மூன்றாம் நாள் வந்தது. அதை எடுத்துக்கொண்டு போதகரிடம் போனாள். பத்து வருஷத்துக்கு மேலாக அவளை மேடையில் ஏற்றிவைத்துப் பேசியவர். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க மாவட்டத்துக்கு எழுதவே இல்லையா, மம்தோலோ?"

"இல்லை ஐயா. எழுதினா நானே செஞ்ச மாதிரி ஆயிடும்னு தோணிச்சு."

"அப்படிச் செய்யச் சொல்லி நான் சொல்லலையே."

"நீங்க சொல்லல ஐயா."

"சபை சொன்னதுன்னு எங்கயும் பேச்சு வரக் கூடாது. இது உங்க சொந்த மனசாட்சி விஷயம்." எழுந்துகொண்டார். "ஜெபம் பண்ணுங்க. கர்த்தர் வழி காட்டுவார்."

வழியை அவள் கர்த்தரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. பொய்ச்சாட்சி கூடாது என்பது அவள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் மனப்பாடம் செய்வித்த கட்டளை. ஆகையால் பொய் சொல்லாமல் தப்பிக்க இடம் தேடினாள், கிடைத்தது. விண்ணப்பத்தைப் பதிவேட்டில் ஏற்றினால்தானே அது விண்ணப்பம்? அவள் ஏற்றவில்லை. ஆக, பதிவேட்டில் இல்லை. எழுதினாள்: "மேற்படி நபர்களின் விண்ணப்பம் எதுவும் இவ்வலுவலகப் பதிவேட்டில் காணப்படவில்லை." கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். பழுப்பு உறையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பை எரிக்கிற தகரப் பீப்பாயில் போட்டாள். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அந்த மாதிரி உண்மையைவிட, வாய் கூசாமல் சொன்ன பொய் எவ்வளவோ மேல்.

லீவு போட்டு வந்த சாட்சிகள் இரண்டு பேர் இருந்தார்களே என்று கேட்பீர்கள். இருந்தார்கள். ஒருத்தியின் மகளுக்கு அடையாள அட்டை வர வேண்டியிருந்தது, லிண்டெல்வாவின் மேசை வழியாக. மற்றவளுக்கு அன்றைய நாள் சரியாக ஞாபகமில்லையாம்.

ஆகஸ்டில் சிந்திலே வீட்டுப் பூட்டை மாற்றினான். புமேசா தையல் மெஷினை ஒரு உறவுக்காரி வீட்டில் போட்டுவிட்டுக் கேப் டவுனுக்குப் புறப்பட்டாள். பஸ்ஸுக்கு முன்னால் அலுவலகத்துக்கு வந்தாள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் அந்தக் கடிதத்தின் நகலை மேசைமேல் வைத்தாள். குரல் உயரவில்லை.

"நீங்க தேவனுக்குப் பயந்துதான் எங்களுக்குச் செஞ்சு வைக்கலேன்னு நினைச்சேன் அக்கா. நோகாயா திட்டுவா. நான்தான் 'அவங்க நம்பிக்கை, விடு'ன்னு சொல்வேன். உங்களை மதிச்சேன். தேவனுக்குப் பயந்தவ இதை எழுதியிருக்க மாட்டா."

லிண்டெல்வா கடிதத்தைப் பார்த்தாள். தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"அடுத்தவங்க வாங்க," என்றாள்.

அந்த வருஷக் கடைசியிலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். விலகிக்கொள்ளும் வாசலை அடைத்துவிட்டார்கள். கொஞ்ச காலம் தவணை கொடுத்து, அதன்பின் யாராக இருந்தாலும் செய்து வைக்க வேண்டும் என்றார்கள். சுற்றறிக்கையை மேலதிகாரி வாசித்தபோது எல்லாரும் லிண்டெல்வாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் அவள் ராஜினாமா செய்வாள் என்று காத்திருந்தார்கள். ஒருத்தி வழியனுப்பு விழாவுக்குக் கேக்குக்கூடப் பேசிவைத்திருந்தாள். லிண்டெல்வா ராஜினாமா செய்யவில்லை. "அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னும் வேதத்துல இருக்கில்ல," என்றாள். போதகர் தலையாட்டினார். எஸ்தர் ராணி என்று அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

தவணை முடிந்த மாசம் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் வாத்தியார், மற்றவன் மருந்துக்கடையில் வேலை. லிண்டெல்வாவின் பேரைக் கேள்விப்பட்டவர்கள். சண்டைக்குத் தயாராக ஒரு வக்கீலின் போன் நம்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சண்டைக்கு வேலை இருக்கவில்லை. பின் அறைக்குக் கூட்டிப் போனாள். சாட்சிகளை உட்கார வைத்தாள். சட்டத் தடை ஏதும் உண்டா என்று இருவரையும் தனித்தனியே கேட்டாள். வலது கையைக் கொடுக்கச் சொன்னாள். கைகளைக் கோத்ததும், சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கையெழுத்து வாங்கினாள், முத்திரை குத்தினாள், தாளை ஊதிக் காயவைத்து நீட்டினாள்.

வாத்தியார்ப் பையன் அழுதுவிட்டான். அவனுக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது. "உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும், அம்மா," என்றான். "ரொம்ப நன்றி."

"இதுல என்னப்பா கஷ்டம்," என்றாள் லிண்டெல்வா, எல்லாரிடமும் சொல்கிற பழக்கத்தில். "பத்து நிமிஷ வேலை."

சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. பேனா மூடியைத் தேடுகிறவள் போல மேசைக்குக் கீழே குனிந்தாள். அந்தப் பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே போகும்வரை நிமிரவில்லை.