சிரிப்புக்கு ஒரு கட்டம்

2024 ஜூன் 21, வெள்ளிக்கிழமை. காலை 5.50க்கு எழுந்தேன். தெருக்குழாயில் ஒகேனக்கல் குடிநீர் வராத நாள். குழாயடி வேலை இல்லை. நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கும் வார விடுமுறை. 6.30க்கு மகளை எழுப்பினேன். பிறகு 6.45, 7.00, 7.10. எட்டு மணிக்குப் பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறி, தருமபுரியில் மனநல மருத்துவரிடம் போனோம்.

மகளுக்குப் பதினைந்து வயது. இருமுனைக் கோளாறு என்று தெரிந்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. முதல் முறை மனம் கட்டுக்கடங்காமல் துள்ளியபோது நான்கு நாள் தூங்காமல், வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் தெருவில் பரப்பித் தேய்த்தாள். இரவு மாத்திரை ஆரம்பித்த பிறகு அது திரும்பவில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நாளுக்கு ஆறு கட்டம்: தூக்கம், சாப்பாடு, மாத்திரை, கோபம், பேச்சு, சிரிப்பு. ஜூன் மாதத்தில் சிரிப்புக் கட்டம் ஏறிக்கொண்டே வந்தது. ஐந்து தடவை, ஆறு தடவை, முந்தைய நாள் ஏழு. நோய் திரும்புகிறதோ என்று பயந்தேன். மாத்திரை அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்பதென்று முடிவு செய்துகொண்டேன். கூட்டினால் அவள் இன்னும் தூங்குவாள். பள்ளி வாலிபால் அணியின் காலை ஆறு மணிப் பயிற்சிக்குத் திரும்பவே முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

மருத்துவர் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். என்னைக் கேட்காமல் அவளைக் கேட்டார்.

"ஆறாம் தேதி அஞ்சு தடவை சிரிச்சிருக்கியே கண்ணு, என்ன விசேஷம்?"

மகள் எட்டிப் பார்த்து யோசித்தாள். "அன்னைக்கு அப்பா சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வந்தாங்க டாக்டர். அம்மாவும்தான் சிரிச்சாங்க. அத எழுதல."

"இதுக்குச் சிரிக்காம இருந்திருந்தாதாங்க நான் யோசிச்சிருப்பேன்" என்றார் மருத்துவர் என்னிடம்.

தூக்கக் கட்டத்தில் விரல் வைத்துக் காட்டினார். எந்த நாளும் எட்டரை மணி நேரத்துக்குக் குறையவில்லை. நோய் திரும்பினால் சிரிப்பு மட்டும் தனியாக வராது, பெரும்பாலும் தூக்கம் முதலில் குறையும் என்றார். அளவைக் கூட்டத் தேவையில்லை. மாத்திரையால் என்ன தொந்தரவு என்று மகளிடமே கேட்டார். பாவாடை இறுகிவிட்டது, முதல் பீரியடில் தலை தொங்குகிறது, பயிற்சிக்கு எழ முடியவில்லை என்று அவள் சொன்னாள்.

இன்னொரு வழி இருப்பதாக மருத்துவர் விளக்கினார். லித்தியம். தொடங்கும் முன்பும், பிறகு அடிக்கடியும் ரத்தப் பரிசோதனை; சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், விளையாடும் நாளில் இன்னும் அதிகம். உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. வாந்தி, பேதி வந்தால் உடனே சொல்ல வேண்டும். வலி மாத்திரை நாமாக வாங்கிப் போடக் கூடாது. பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள்.

நான் பக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுதினேன். பழையதற்குத் தொந்தரவு நான்கு வரி, புதியதற்குப் பதினொன்று. பழையதே இருக்கட்டும் என்றேன்.

"எதுக்கு வரி கம்மியோ அதத்தான் முழுங்கணுமாம்மா?" என்றாள் மகள். பிறகு மருத்துவரைப் பார்த்து, "ஊசி குத்துனா குத்திட்டுப் போகுதுங்க. எனக்குக் காலைல எந்திரிக்கணும்" என்றாள்.

தெருவில் பரப்பிய பாத்திரங்கள் என் கண்முன் வந்தன. மாற்றும்போது அது திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"வராதுன்னு சொல்ல மாட்டேங்க. வந்தா சீக்கிரமே பிடிச்சிடலாம். தூக்கக் கட்டத்த மட்டும் விட்டுடாதீங்க."

சரி என்றேன்.

அன்றே ரத்தம் எடுத்தார்கள். அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சுவரைப் பார்த்தேன். முடிவு திங்கட்கிழமை வரும். சரியாக இருந்தால் ஆரம்பிக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் யாரோ மடியில் வைத்திருந்த சேவல், கண்டக்டர் விசில் ஊதும்போதெல்லாம் கூவியது. மகள் சிரித்தாள். என் கை தானாகப் பைக்குள் போனது.

"எழுதிக்கம்மா. சேவல்னு காரணத்தையும் சேத்து எழுது" என்றாள்.

மறுநாள் காலை 5.45. குழாயில் தண்ணீர் வருவதற்குள், முதல் வேலையாக நோட்டில் புதுப் பக்கம் எடுத்து ஆறு கட்டம் போட்டேன். சிரிப்பு என்று எழுதும் இடத்தில் குடித்த தண்ணீர் என்று எழுதினேன். நோட்டையும் பேனாவையும் அவள் மேசையில் வைத்துவிட்டுக் குடத்தை எடுத்தேன்.