இடம் மாறிய கம்பி

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் மூச்சடக்கி. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறதாம். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. அரிசியில் பாதி அளவுள்ள படிகத்தின் மேல், தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டுவது அவள் வேலை. ஒட்டும்போது மூச்சு விட்டால் கம்பி பறந்துவிடும். கைக்கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தவள் இங்கே வந்து பதினொரு வருடம். ஒரு தவறும் நடந்ததில்லை. அதனால் அவள் ஒட்டியதை யாரும் மறுபடி பார்ப்பதும் இல்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. இருக்கட்டுமே, நமக்கென்ன நஷ்டம்?

இந்த வருடம் அவள் ஒட்டியதெல்லாம் ஒரு ஆராய்ச்சி மாணவிக்காக. அந்தப் படிகம் காந்தம்தான், ஆனால் அதில் மின்சாரம் ஓடாது. பிறகு என்னதான் ஓடும் என்று பேருந்து ஓட்டும் கணவர் கேட்க, மாணவி சொன்னதை மூச்சடக்கி அப்படியே ஒப்பித்தாள்.

"உள்ள குட்டிக் குட்டிக் காந்தமா வரிசையா நிக்குதுங்க. ஒண்ணு தலையாட்டினா பக்கத்துல இருக்கறதும் ஆட்டும். அந்த ஆட்டம் அலையா போகும். அதுக்குப் பேரு மேக்னான். சூட்டையும் தூக்கிட்டுப் போகுமாம்."

"ஆள் நகராம தலையாட்டல் மட்டும் போகுதா? எங்க டிப்போ மீட்டிங் மாதிரின்னு சொல்லு."

"முழுசாக் கேளுங்க. இந்தப் படிகத்துல ஓரத்தோட ஓரமா ஒரே திசையிலதான் போகும். திரும்பி வராது."

"ஒன்வே! இதுக்கா மூணு வருஷப் படிப்பு?"

மூன்று வருடக் கணக்கு அது. சூடு வலப்பக்கம் ஒதுங்கும், வல ஓரம் துளியூண்டு கூடுதலாகச் சுடும் என்று மாணவி கணக்குப் போட்டிருந்தாள். அந்தச் சூட்டை அளக்க, அடையாளத்துக்கு நுனியில் சாயம் தொட்ட கம்பிகள்: இட ஓரத்துக்குப் பச்சைக் கம்பி, வல ஓரத்துக்குச் சிவப்புக் கம்பி. அளந்து பார்த்தால் இடப்பக்கம் சுட்டது! மூன்று வாரம் தலைகீழாக நின்று பார்த்தும் கணக்கில் பிழை அகப்படவில்லை. வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் "என் கணக்கே தப்பு" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டுவதாக முடிவு செய்து, படிகத்தை உள்ளே வைத்து அளக்கும் குளிர்பெட்டியையும் நிறுத்திவிட்டாள். வியாழன் மாலை அழுது சிவந்த கண்ணோடு அவள் படியிறங்கியதைப் பார்த்த மூச்சடக்கிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சாப்பிட உட்கார்ந்தவளின் முகத்தில் ஜன்னல் வெயில் அடித்தது.

"கண்ணு கூசுது பாரு. இடம் மாத்தி உக்காரு" என்றார் கணவர்.

மூச்சடக்கி ஏதோ நினைப்பில், இடக்கையில் இருந்த டம்ளரை வலக்கைக்கு மாற்றினாள்.

"இடம் மாத்தச் சொன்னா டம்ளரை மாத்துற?"

அவர் சிரித்தார். அவளோ டம்ளரை அப்படியே கீழே வைத்தாள். ஆய்வுக்கூடத்துக் குறிப்பேட்டில் இரண்டு ஓரங்களுக்கும் 'இடம்', 'வலம்' என்றுதான் பெயர். போன மாதம் மாணவி வைத்துவிட்டுப் போன சீட்டு நினைவுக்கு வந்தது: இந்த முறை இடம் மாற்றி ஒட்டவும்.

கணவர் ஓட்டும் பேருந்துக்குக்கூடக் காத்திருக்காமல் டாக்சி பிடித்து ஓடினாள். கூடத்தில் யாரும் இல்லை. பெட்டி குளிர் விட்டுத் திறக்கும் நிலையில்தான் இருந்தது. சத்தமில்லாமல் கம்பிகளை மாற்றி ஒட்டிவிட்டால் பதினொரு வருடப் பெயர் அப்படியே இருக்கும். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே தன்மேல் வெறுப்பாகிவிட்டது. நேராகப் பேராசிரியர் அறைக்குப் போய்க் கதவைத் தள்ளினாள். மாணவி அப்போதுதான் வாயைத் திறந்திருந்தாள்.

"நீ எதுவும் சொல்லாத கண்ணு. கணக்கு சரிதான், கம்பிதான் தப்பு. இடம் மாத்தச் சொல்லி எழுதியிருந்தியே, நான் பச்சையை வலப்பக்கமும் சிவப்பை இடப்பக்கமும் மாத்தி ஒட்டிட்டேன்."

"ஐயோ அக்கா! பழைய இடத்துல விரிசல் இருந்துச்சு, கொஞ்சம் தள்ளி ஒட்டுங்கன்னு சொன்னேன்!"

மூவரும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பச்சைக் கம்பி வலப்பக்கம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரி விடுங்கம்மா, கம்ப்யூட்டர்ல பேரை மாத்திட்டா முடிஞ்சுது."

"வேண்டாம் சார். திரும்ப ஒட்டறேன். இந்தத் தடவை பக்கத்துலயே நின்னு பாருங்க" என்றாள் மூச்சடக்கி. பதினொரு வருடத்தில் தன் வேலையைச் சரிபார்க்கச் சொல்லி அவள் யாரையும் அழைத்தது அதுவே முதல் தடவை.

பெட்டி மறுபடி குளிர்ந்து முடியத் திங்கட்கிழமை ஆனது. திரையில் முதல் புள்ளி பூஜ்யக் கோட்டுக்கு மேலே விழுந்தது. இரண்டாவதும் மேலே. ஐந்தாவது வந்தபோது, மாணவி வரைந்து வைத்திருந்த வளைவின் மேலேயே எல்லாப் புள்ளிகளும் ஏறிக்கொண்டிருந்தன. வலப்பக்கம்தான் சுட்டது. மாணவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேராசிரியர் கையில் கோப்பை பாதி வழியில் நின்றது. மூச்சடக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சந்தோஷம் தாங்காமல் மாணவியின் முதுகில் ஒன்று போட்டாள்.

"மூச்சு விடு கண்ணு. இனிமே எதுவும் பறக்காது."