ஜன்னலை அடைத்த உரச்சாக்கு

இதை எழுதலாமா என்று ஏழு வருடம் தயங்கினேன். அம்மனுக்குப் போட்ட சாம்பிராணியைக் குறை சொல்கிறேன் என்று நினைப்பார்களோ என்ற பயம்தான்.

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த மிட்வைப் மிஸ், தாய்-பிள்ளை நலம் பார்க்கும் மருத்துவ மாது, மெலிந்தவர். சப்பாத்து எப்போதும் சேறாக இருக்கும். தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் எந்த லயத்து வீட்டுக்குள் நுழைந்தாலும், பிள்ளையைப் பார்க்குமுன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் மகள் மூச்சு விடமுடியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். பனி வராமல் ஜன்னலை உரச்சாக்கால் அடைத்திருந்தேன். உள்ளே அடுப்பும் எரிந்தது, சாம்பிராணியும் புகைந்தது. சுவரில் வைத்த மிஸ்ஸின் கை ஈரமும் கரியுமாக வந்தது. உடனே சாக்கைப் பிடுங்கி எறிந்தார்.

"ஐயோ மிஸ், பனி அடிக்குமே!"

"பனிக்குக் கம்பளியப் போத்தலாம். பொகைக்கு எதப் போத்துவீங்க?"

"சாமி பொகைங்க அது, புள்ளைக்குக் காவல்."

"அந்தச் சாமி உள்ள வரவும் ஜன்னல் வேணாமாங்க? புள்ளயத் தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மகள் பிழைத்தாள். "அம்மன் காப்பாத்திட்டா" என்று லயம் முழுக்கச் சொன்னேன், மிஸ் வந்ததையும் புகையையும் மறைத்தேன். அந்த மிஸ்ஸை அனுப்பியதும் அம்மன்தான் என்று இப்போது நம்புகிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, புகை போட்டது பெற்ற தாய்தான் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.