பாட்டில் பதித்த சுவர்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சேலத்தில் இரண்டு கல்யாண மண்டபம், ஒரு சினிமாக் கொட்டகை, பாறைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டி, எல்லாமே 'இவனால் ஆகாது' என்றவர்கள் கண்ணெதிரே நான் கட்டியவை. இன்று ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடைவீதிப் பழைய ஹோட்டலின் பின்பக்கம் மழையில் நிற்கிறேன்.

கட்டடம் என்றால் இதுதான். கருங்கல் சுவரில் ஒரு விரிசல் இல்லை. தேக்குப் படியில் யானை ஏறினாலும் முனகாது. கட்டிய வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு கும்பிடு. ஆனால் பின்னால் மலைச்சரிவைத் தாங்கும் சுவர், நான் வாலிபத்தில் கட்டியது. அதில் பதித்த பாட்டில்களின் வாய்வழியே மலைத்தண்ணீர் கொட்டுகிறது.

விருந்தாளிகளைக் கூட்டிவந்த மேனேஜர் பெண், "இதெல்லாம் அழகுக்குத் தொரை வெச்சதுங்க" என்கிறாள்.

"தொரை கட்டுன சொவரு மழைக்கு உழுந்துருச்சு அம்மிணி. மறுக்காக் கட்டுனது நானு. மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக் கெடந்துது, தண்ணி போறதுக்குப் பைப்பு வரல. ஹோட்டல்ல காலியான பாட்டில அடிய ஒடச்சுப் பதிச்சேன்."

"காலி பண்ணுனதும் நீங்கதானுங்களா?" என்று சிரிக்கிறாள்.

"பாதி நாந்தான்."

"அப்ப நொம்பப் பெரிய ஆளுதான். வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"போட்டோ கெடக்குது சாமி. வாசக் கல்லுல தொரை பேரு இருக்குதில்ல? அதுக்குக் கீழ 'பின்சுவர், பழனி மேஸ்திரி'ன்னு வெட்டுங்க. பெயிண்டுல எழுதி ஏமாத்தாதீங்க. என்ற சொவரு நிக்கற வரைக்கும் பேரும் நிக்கோணும்."