பின்பக்கம் பார்த்த சீட்டு

அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். என் மனைவிக்கு ஏழு மாதம். அதற்கு முன் இரண்டு முறை தரித்து, இரண்டும் தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதத்திலேயே போனது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில், அதுவும் ஒரு மாட்டுவண்டிப் பயணத்துக்கு மறுநாள். அதனால் கடலூர் லேடி டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "குலுக்கல் கூடாது, புரிஞ்சிதா?" என்று கேட்டபோது எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே புரிந்தது. நான் உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியார்.

ஓடுகிற பஸ் திடீரென்று நின்றால் உள்ளே இருப்பவன் முன்னால் போய் விழுவான், காரணம் சடத்துவம் என்று வருஷம் தவறாமல் ஒப்பித்து வந்தவன் நான். பையன்கள் ஒருவன்மேல் ஒருவன் விழுந்து நடித்துக் காட்டுவார்கள், நானும் சிரிப்பேன். அந்தப் பங்குனியில் சிரிப்பு வரவில்லை. வீட்டில் எங்கே திரும்பினாலும் அந்த இயக்க விதிகள் என் மனைவியின் வயிற்றைக் குறிபார்த்து நிற்பதாகவே தோன்றியது. அவள் ஊஞ்சலில் உட்கார்ந்தால் பயம், குடத்தை இறக்கினால் பயம். "வாசப்படி எறங்கறதுக்குக்கூட ஒங்கள கேட்டுட்டுதான் எறங்கணுமா?" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தாள். ஆமாம் என்றேன்.

வளைகாப்பு முடிந்து அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக அவளுடைய அண்ணன் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தார். சைக்கிள் கடை வைத்திருந்தார். முரட்டு உடம்பு, அதைவிட முரட்டுக் கோபம். எனக்கும் அவருக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை. நான் ரயில் என்றேன். ரயில் நேரம் ராகுகாலத்தில் விழுகிறது என்று என் அம்மா தடுத்துவிட்டாள். மச்சான் வாடகைக் கார் பேசுகிறேன் என்றார். அதை நான் தடுத்தேன். கார் எடை குறைந்த வண்டி, சின்னக் குழிக்கும் துள்ளும். பஸ் கனமானது, அதே குழி அதை அவ்வளவாக அசைக்காது. இயக்கத்தின் இரண்டாம் விதி.

"காரு வேணாம், புள்ளத்தாச்சிய பஸ்ல ஏத்துறன்னு சொல்ற ஆள இப்பதான் பாக்குறேன்," என்றார் மச்சான். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் அடுத்த சண்டை. அந்தக் காலத்து பஸ்களில் சிலவற்றில் டிரைவரின் முதுகுக்குப் பின்னால், பயணிகளைப் பார்த்தபடி ஒரு சீட்டு இருக்கும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று யாரும் அதில் விரும்பி உட்காரமாட்டார்கள். நான் நேராக அவளை அங்கே கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

"வாந்தி எடுப்பா மாப்ள. அங்க வேணாம்."

"வாந்தி எடுத்தாப் பரவாயில்ல மச்சான். பிரேக் போட்டா மத்த சீட்டுல இருக்கறவங்க முன்னால போய் மோதுவாங்க. இதுல முதுகு சீட்டோட அழுந்தும், அவ்வளவுதான். விழறதுக்கு வழியே இல்ல."

"கிளாஸ் எடுக்காதீங்க. இது பஸ்ஸு."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சும்மா இருங்க, மானம் போவுது," என்றாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மச்சான் உட்காரவில்லை. இடம் இருந்தும் உட்காராமல், அவள் முன்னால் வந்து நின்று, மேலே இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தபடியே வந்தார்.

கடலூர்ப் பழைய டவுன் தாண்டும்வரை எனக்கு உள்ளூரப் பெருமைதான். டிரைவர் இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தினார். எதிர் சீட்டுக்காரர்கள் தலையாட்டிப் பொம்மைகள் மாதிரி முன்னால் வந்து போனார்கள். என் மனைவி அசையக்கூட இல்லை. பார்த்தீர்களா என்பதுபோல் மச்சானை நிமிர்ந்து பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

ஆலப்பாக்கத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. நடைபாதை நிறைய ஆட்கள், பித்தளை அண்டா, தகரப்பெட்டி, இரண்டு மணிலாக்கொட்டை மூட்டை. எல்லோரும் எங்கள் பக்கம் பார்த்து நின்றார்கள். அந்த முகங்களைப் பார்த்தபோதுதான் அது என் மண்டையில் உறைத்தது. பிரேக் போட்டால் இவர்களும் முன்னால் வருவார்கள். அண்டா வரும், பெட்டி வரும், மூட்டை வரும். அவர்களுக்கு முன்னால் இருப்பது என் மனைவி. அவள் விழாமல் இருக்க வழி பார்த்த நான், அவள்மேல் விழப்போகிறவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இடம் மாற்றவேண்டும். ஆனால் அந்த நெரிசலில் ஓடுகிற பஸ்ஸில் அவளை எழுப்புவது அதைவிட ஆபத்து. புதுச்சத்திரத்தில் பஸ் நின்றதும் மாற்றிவிடலாம், மச்சான் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன். அந்த ஸ்டாப்பு வருவதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றியது. "என்னாங்க, ஒங்களுக்குத் தல சுத்துதா?" என்று அவள் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் சக்கரத்தின் சத்தம் சட்டென்று அமுங்கியது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கறுப்புத் தார் ரோட்டைக் காணவில்லை, காய்ந்த உளுத்தஞ்செடி பரப்பிக் கிடந்தது. அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் செடியை ரோட்டில் போட்டுவிடுவார்கள், பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி உளுந்து உதிரும். களமும் வேண்டாம், மாடும் வேண்டாம். அந்தச் செடிமேல் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது.

முதுகுக்குப் பின்னால் டிரைவர் யாரையோ திட்டுவது கேட்டது. வயலிலிருந்து ஒரு பாரவண்டி ரோட்டில் ஏறியிருக்கிறது. அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிரேக்கை மிதித்தார். பஸ் நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. உராய்வு இல்லையென்றால் உலகத்தில் எதுவுமே நிற்காது என்று பாடம் நடத்துவேன், அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். செடி இன்னும் கொஞ்ச தூரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் தார் ரோடு சக்கரத்தைக் கவ்வும். "மச்சான், கெட்டியா புடிங்க!" என்று கத்தினேன்.

கவ்வியது. மொத்தக் கூட்டமும் எங்களை நோக்கிச் சரிந்தது. "அய்யோ, புள்ளத்தாச்சிய்யா!" என்று யாரோ அலறினார்கள். மச்சான் சீட்டின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி, கம்பியை விடாமல், தங்கச்சிக்கு மேலே வளைந்து நின்றார். அவர் முதுகில் ஆட்கள் மோதினார்கள், தகரப்பெட்டி மோதியது. அவர் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு மூட்டை மட்டும் தரையில் வழுக்கி வந்து அவள் முழங்காலில் இடித்தது.

பாரவண்டியில் மோதாமல் பஸ் நின்றது. மச்சானின் சட்டை முதுகில் கிழிந்து ரத்தம் வழிந்தது, கம்பியைப் பிடித்த உள்ளங்கையும் உரிந்திருந்தது. "அடிபட்டுச்சாம்மா?" என்று அவளைத்தான் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். பஸ் மறுபடி கிளம்பிய பிறகு, என் காதருகே மெதுவாகச் சொன்னாள்: "காலையிலேர்ந்து துள்ளிக்கிட்டே இருந்துதுங்க. இப்ப அசைவே தெரியல."

நிலையாக இருக்கும் பொருள் நிலையாகவே இருக்கும். எத்தனை வகுப்புகளில் கரும்பலகையில் எழுதிய வரி! அது இவ்வளவு கொடூரமான வாக்கியம் என்று எனக்குத் தெரியாது. அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். புதுச்சத்திரம் வந்தும் அவளை எழுப்பி இடம் மாற்றத் துணியாமல், நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சானுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்யாணக் கூட்டத்தில் ஒரு அம்மாள், "பயத்துல அடங்கியிருக்கும். குளுகுளுன்னு எதனா குடிக்கக் குடுங்க, பொரளும்," என்றாள். புவனகிரியில் மச்சான் பஸ் நிற்பதற்குள் குதித்து ஓடி, ஐஸில் போட்ட கோலி சோடா வாங்கி வந்தார். அவள் குடித்தாள். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

வெள்ளாற்றுப் பாலம் பின்னால் போனது. மணல்தான் கிடந்தது, தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்தவர்கள் எங்கள் தலைக்கு மேலாகப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோபுரம் தெரிகிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு முதுகுப்பக்கம் இருந்த சாமியிடம் என்ன கேட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. கெஞ்சினேன், அவ்வளவுதான்.

சிதம்பரத்தில் எல்லோரும் இறங்கினார்கள். "நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுவம்," என்று மச்சான் அவள் பெட்டியைத் தூக்கினார். அவள் எழவில்லை. "இருங்க," என்றாள். அந்த நாளில் நாலு பேர் எதிரில் புருஷன் விரலைக்கூடப் பெண்கள் தொடமாட்டார்கள். அவள் அண்ணன் பார்க்க, கண்டக்டர் பார்க்க, என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

ஒன்றும் இல்லை. பிறகும் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு உதை. சின்னதுதான், என் உள்ளங்கைக்கு நடுவில். உடனே இன்னொன்று, அதைவிட பலமாக.

"ஒதைக்குதுண்ணே," என்றாள், அழுதுகொண்டே சிரித்து.

மச்சான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு அவள் வயிற்றைப் பார்த்து, "ஒங்கப்பன ஒதடா. நல்லா ஒத," என்றார்.

அவள் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, தானாகவே இறங்கிப் போனாள். நான்தான் அந்தச் சீட்டை விட்டு எழவில்லை. கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டான். கடைசியில் மச்சான்தான் திரும்ப ஏறி வந்து, அந்த உரிந்த கையையே நீட்டி என்னை எழுப்பினார்.