வலது பக்கம் திரும்பினால் ஒழுகும்

ஜீப்பு ஒழுகுகிறது என்று நான் முதன்முதலில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "ஆத்துல எறங்குற வண்டிடி அது. அது ஒழுவுதாம், கேட்டுக்கோ." அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். எனக்கு அன்றுதான் ஆரம்பம்.

அது அவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஃபோர் பை ஃபோர் ஜீப்பு. நாலு சக்கரமும் இழுக்கும், சேற்றிலும் மணலிலும் மாட்டாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அதே பேட்டையில் வேறொரு கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. பெரியபாளையத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போவேன். மழை நாளில் மட்டும், பஸ் ஸ்டாப்பில் நின்று நனைய வேண்டாமே என்று ஜீப்பில் ஏற்றிக்கொள்வார். நனையக்கூடாது என்று ஏறிய வண்டியில்தான் நான் நனைந்தேன்.

நேர் ரோட்டில் ஒன்றும் இருக்காது. பேட்டைக்குள் நுழைய வலது பக்கம் திரும்புவார். அவ்வளவுதான், டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொத்தமாக என் காலில் கொட்டும். டீ டிக்காஷன் நிறத்தில், இலை அழுகிய நாற்றத்தோடு. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த பிறகும் கொட்டியிருக்கிறது. அவர் உட்காரும் பக்கம் மட்டும் ஒரு சொட்டு கிடையாது. அவர் கண் ரோட்டில் இருக்கும். இறங்கும்போது கால்மிதி ஈரமாக இருப்பதைக் காட்டினால், "உன் கால்ல வந்த தண்ணிதான்" என்பார்.

எங்கள் கம்பெனியில் ஷூ போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஈர ஷூவோடு ஷிஃப்ட் முழுக்க நின்றதில் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஐப்பசியில் வந்தது தை பிறந்தும் ஆறவில்லை. லைனில் என் பக்கத்தில் நிற்கிற பெண் காலைப் பார்த்துவிட்டு, "ஜீப்புல வர்றவளுக்கு எப்டிடி சேத்துப்புண்ணு?" என்று கேட்டாள். சொன்னேன். "நடந்து வந்தேன்னு சொல்லு, நம்புவாங்க" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே சோதனை வைத்தார். வீட்டு வாசலில் புங்க மரத்தடியில்தான் ஜீப்பு எப்போதும் நிற்கும். என்னை உள்ளே உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஹோஸ் பைப்பால் கண்ணாடி, கூரை, கதவு என்று எல்லா இடத்திலும் அடித்தார். நான் குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒழுகு, ஒரு சொட்டாவது ஒழுகு என்று மனசுக்குள் கெஞ்சினேன். சனியன், ஒழுகவில்லை.

"எங்க, காட்டு?" என்றார்.

"திரும்பும்போதுதாங்க கொட்டுது. ஓட்டிக்கினு போய்ப் பாருங்க."

"நின்னா ஒழுவாதாம், திரும்புனா ஒழுவுமாம். தண்ணி பாட்டில ஒயுங்கா மூடி வெச்சியா நீ?"

அதற்குப் பிறகு எனக்கு ரிப்பேர்கூட வேண்டாம் என்று ஆகிவிட்டது. 'ஆமா, நீ சொல்றது சரிதான்' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் போதும், மீதிக்கு நான் காலில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றிருந்தது. கட்டிக்கொண்டும் போனேன். "ரொம்பத்தான் பண்ற" என்றார்.

அந்த மாதமே காக்களூரில் ஒரு ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனார். எனக்காக என்று நினைத்துவிட்டேன். அவர் பக்கத்துக் கதவில் காற்று விசிலடிக்கிறதாம், அதற்குப் புது ரப்பர் போட்டுக்கொண்டு வந்தார். என் பக்கம்? "அது நல்லாத்தான் கீது."

இதையெல்லாம்கூட மறந்துவிடலாம். அந்த வீடியோவை மறக்க முடியவில்லை. அவரும் அவர் ஜீப்புச் சிநேகிதர்களும் லீவு நாளில் ஆரணியாற்றுத் தரைப்பாலத்துக்குப் போய், ஓடுகிற தண்ணீரில் வண்டியை இறக்கி ஏற்றுவார்கள். ஒரு தடவை குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். தண்ணீருக்குள் போய், கரையேற வலது பக்கம் ஒடித்தார். வழக்கம்போலக் கொட்டியது. நான் இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கிக்கொண்டேன். கரையில் நின்ற சிநேகிதர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். வீடியோவில் என் கணவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒரு சொட்டு உள்ள வரல" என்கிறார். பக்கத்தில் நான் காலைத் தூக்கிக்கொண்டு குந்தியிருக்கிறேன். "அண்ணி பயந்துக்கினாங்கடா" என்று ஒரு குரல். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரும்தான்.

அது எல்லா வாட்ஸ்ஆப் குரூப்புக்கும் போயிற்று. என் கூடப்பிறந்த தங்கச்சியே சிரிக்கிற பொம்மை போட்டாள். ஊத்துக்கோட்டையில் ஒரு கல்யாணத்தில், முகம்கூடத் தெரியாத ஒரு அம்மா பந்தியில் என்னை உற்றுப் பார்த்து, "காலத் தூக்கிக்கினது நீதானம்மா?" என்று கேட்டார். தண்ணீர் கொட்டியது என்று விளக்கினேன். அதற்கும் சிரித்தார்.

போன மழைக்காலத்தில் அவர் கம்பெனிப் படியில் வழுக்கி வலது கணுக்காலை உடைத்துக்கொண்டார். முட்டி வரை மாவுக்கட்டு. கல்யாணத்துக்கு முன்பே நான் லைசென்ஸ் எடுத்தவள். ஆனால் அந்த ஜீப்புச் சாவியை அவர் என் கையில் கொடுத்ததே இல்லை. இப்போது வேறு வழியில்லை. கட்டைக் காட்டுவதற்குத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் நல்ல மழை. நான் ஓட்டினேன், அவர் இடது சீட்டில். வழி முழுக்க, "கிளச்ச மெதுவா வுடு", "பிரேக்க மெதுவா அமுக்கு" என்று பாடம்.

ஆஸ்பத்திரி வாசல் வலது பக்கம். அது எனக்குத் தெரியும். அங்கே மெதுவாகத் திரும்பியிருக்கலாம். எல்லோரும் திரும்புகிற வேகத்தில்தான் திரும்பினேன்.

"ஏய், இன்னாடி இது, தண்ணி ஊத்துது."

"பயப்படாதீங்க. காலத் தூக்கிக்குங்க" என்றேன்.

அந்தக் கட்டோடு அவரால் தூக்க முடியவில்லை. நுனியில் மாவு ஊறிப் பிசுபிசுத்துப் போயிற்று. டாக்டர் கட்டைப் பிரித்துப் புதிதாகப் போடச் சொல்லிவிட்டு, "மழையில ஏன் சார் நடந்தீங்க?" என்று கடிந்துகொண்டார். "ஜீப்புலதான் வந்தேன் டாக்டர், வண்டி ஒழுவுது" என்றார் இவர். டாக்டர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் குனிந்து பையில் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவர் காக்களூர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். மறுநாளே மெக்கானிக் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள ஜல்லடையைக் கழற்றினார். தண்ணீர் வெளியே போகிற ஓட்டையைப் புங்கம் பூவும் இலையும் மக்கி அடைத்திருந்தன. தொட்டி மாதிரி அங்கேயே தேங்கி நிற்கிற தண்ணீர், வண்டி வலது பக்கம் திரும்பும்போது இடது பக்கம் சாய்ந்து, வண்டிக்குள் காற்று வருகிற துவாரம் வழியாகக் கொட்டியிருக்கிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். ஒரு பிடி கறுப்புச் சேறு வந்தது. "அவ்ளோதான் சார்" என்றார்.

அன்று சாயங்காலம் என் கணவர் போனில் சிநேகிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வண்டில ஒரு லீக்கேஜ் இருந்துச்சுடா. எங்கேர்ந்து வருதுன்னு எவனுக்கும் தெரியல. நான்தான் கண்டுபுடிச்சேன்." நான் அவருக்குக் கொடுக்க வேண்டிய டீயைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். போனை வைத்ததும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார் என்று காத்திருந்தேன். வைத்தார். டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சு" என்றார்.

கட்டைப் பிரித்தாயிற்று. சாவி அவரிடமே திரும்பிப் போயிற்று. வண்டி இப்போது ஒழுகுவதில்லை. ஆனாலும் பேட்டைக்குள் நுழைய அவர் வலது பக்கம் திரும்பும்போது என் இரண்டு காலும் தானாக மேலே எழும்பிவிடுகின்றன. போன வாரம் மழையில் அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னாடி, இன்னுமா பயம்?" என்று கேட்டுச் சிரித்தார்.